பள்ளிக்கு டாக்டர் வருகிறார், பெற்றோர் எங்கே?

பங்காருபேட்டைச் சந்திப்பில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதல்ல. மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கும்போது, படிக்கட்டில்கூட கால் வைக்க இடம் இருக்காது. அத்தனை பேரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபிறகு தங்கவயல் தமிழனுக்கு இந்த வண்டியே சுரங்கமாகிவிட்டது. அன்று தகப்பன் ஷிப்டுக்குப் பூமிக்கடியில் இறங்கினான். தாய் வீட்டில் இருந்தாள். இன்று தகப்பனும் தாயும் இருவருமே வண்டி ஏறுகிறார்கள். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கிறது.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இம்மாதம் பேச நினைக்கிறோம். சம்பளம், பஞ்சப்படி, பட்டா, சுரங்கத் தொழிலாளிக்கு வரவேண்டிய பாக்கி என்று நாம் எழுதாத மாதமில்லை. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் பல்லையும் யார் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன நடக்கிறது என்று இதுவரை ஒரு பக்கம்கூட ஒதுக்கியதில்லை. அது நம் குறை. ஒப்புக்கொண்டு மேலே போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். லைன் வீடு. தகப்பனுக்குக் கட்டட வேலை, தாய்க்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் வீட்டு வேலை. எட்டு வயதுப் பெண் பிள்ளைக்கு அடிக்கடி காதில் சீழ் வடியும். ஒரு நாள் பள்ளிக்கு டாக்டர் குழு வந்து பார்த்தது. காதைச் சோதித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. அச்சு கன்னடத்தில், டாக்டரின் கையெழுத்து ஆங்கிலத்தில். பிள்ளை அதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பாட்டி எடுத்துப் பார்த்தாள். ஏதோ பள்ளிக்கூடத்துக் காகிதம் என்று பத்திரமாக அரிசி டப்பாவின் அடியில் வைத்தாள். ஏழு மாதங்கள் அது அங்கேயே இருந்தது. அதற்குள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, திமிர் என்று அந்தப் பிள்ளை வகுப்பில் அடிகூட வாங்கியிருக்கிறாள். வேறு காரியமாக அந்த வீட்டுக்குப் போன நம் தோழர் ஒருவர் கண்ணில் சீட்டு பட்டது. இப்போது வைத்தியம் நடக்கிறது. ஒரு காதில் கேட்கும் சக்தி பாதி போய்விட்டது என்கிறார்கள்.

இதில் குற்றவாளி யார்? டாக்டர் குழு தன் வேலையைச் செய்தது, ரிஜிஸ்தரில் பதிந்தது. ஆசிரியை சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்தார், அதுவும் பதிவாகியிருக்கும். பாட்டி காகிதத்தைத் தூக்கி எறியவில்லை, பத்திரப்படுத்தினாள். எல்லோரும் தத்தம் கடமையைச் செய்தார்கள், பிள்ளையின் காது மட்டும் போயிற்று! பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. பள்ளியின் பெயரை நாம் எழுதப்போவதில்லை. ஒரு பள்ளியின் பெயரை எழுதினால் மற்றப் பள்ளிகள் தப்பித்துக்கொள்ளும்.

திட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல திட்டம் என்றே சொல்வோம். ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற பெயரில் மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். பிறவிக் கோளாறு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சியில் தாமதம் என்று நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆயுஷ் டாக்டர்கள், ஒரு நர்ஸ், ஒரு மருந்தாளர் கொண்ட குழு வண்டியில் ஊர் ஊராக வரும். அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் என்று எது கண்டுபிடிக்கப்பட்டாலும் அறுவை சிகிச்சைவரை இலவசம். இவ்வளவும் நம் வரிப்பணத்தில் நடப்பதுதான். அதைக் கேட்டு வாங்கக் கூச்சம் வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆறு வயதுக்கு மேல் இந்தப் பரிசோதனை அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மட்டுமே. நம்மவர் பலர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, மாடி வீட்டில் நடக்கும் ‘இங்கிலீஷ் கான்வென்டு’க்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். டை கட்டி, ஷூ போட்டுப் போகும் அந்தப் பிள்ளையை எந்த டாக்டர் குழுவும் வந்து பார்ப்பதில்லை. பெற்றோர் இதை அறிந்திருக்கிறார்களா?

பள்ளியில் வைத்தியப் பரிசோதனை என்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே செய்தார்கள். பிள்ளைகள்மேல் பொங்கிவந்த அன்பினால் என்று நினைக்க வேண்டாம். போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது ஏழை வாலிபரில் ஏராளமானோர் உடல் தகுதி இல்லாமல் தள்ளப்பட்டார்கள். சிப்பாய்க்கு ஆள் கிடைக்காதே என்ற கவலை பிறந்தது. ஆனாலும் சட்டம் வந்தபோது, பரிசோதனை நேரத்தில் பிள்ளையின் தாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே நல்லது என்று அந்நாட்டுக் கல்வித்துறை சொன்னது. தாய் சொல்லாமல் டாக்டருக்கு என்ன தெரியும்? இரவில் இருமுகிறதா, எத்தனை நாளாகக் காய்ச்சல், சோறு எவ்வளவு தின்கிறது என்பதெல்லாம் பள்ளி ரிஜிஸ்தரில் இருக்காது. அதே ஆண்டுகளில்தான் அதே நாட்டு ஜான் டெய்லர் கம்பெனி நம் பாட்டனைக் கொண்டு இங்கே தங்கம் வெட்டிக்கொண்டிருந்தது. தன் நாட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம், சுரங்கக்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயம்!

நம் நாட்டிலும் 1909இல் பரோடாவில் பள்ளிப் பிள்ளைகளை டாக்டர் பார்த்திருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு 1960இல் ரேணுகா ராய் தலைமையில் ஒரு குழு போட்டு, அறிக்கையும் வாங்கினார்கள். அறிக்கைகளுக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சமில்லை.

பெற்றோரை விட்டுவிட்டுப் பள்ளியில் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பாடங்களை நாடே படித்திருக்கிறது.

ஒன்று, பத்ராசலம் பாடம். 2009இல் அன்றைய ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டு ஆய்வு நடத்தினார்கள். நடத்தியது பாத் என்ற அமெரிக்க நிறுவனம். கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து கிளர்ச்சி எழுந்ததும் 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. பின்னால் பாராளுமன்றக் குழு விசாரித்து 2013இல் அறிக்கை தந்தது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள், 1,948இல் கைநாட்டு. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. அதை மறைக்கக் கூடாது. அந்த ஊசி உலகெங்கும் பெண்களைக் காக்கும் ஊசிதான். ஆனால் மகளுக்கு ஊசி போடச் சம்மதிக்கும் உரிமை தாய்க்கா, வார்டனுக்கா? ஏழையின் பிள்ளை என்றால் யார் வேண்டுமானாலும் தகப்பன் இடத்தில் கையெழுத்துப் போடலாமா? நல்ல மருந்துக்கும் அவப்பெயர் வாங்கித் தந்தது இந்த அலட்சியம்தான்.

மற்றது நம் வீட்டுப் பாடம். 2017 பிப்ரவரியில் கர்நாடகம், தமிழ்நாடு உள்ளிட்ட சில இடங்களில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒன்பது மாதம் முதல் 15 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டார்கள். பெரும்பகுதி பள்ளியிலேயே நடந்தது. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஊசி போட்டால் மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி என்று ஆளுக்கொரு கதை. ஊசி நாளன்று பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்கள் நம் லைன்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் கெடுவையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியை நம்பிய தாயைப் படிக்காதவள் என்று ஏசுவது சுலபம். அவளுக்கு அதற்கு முன் யாராவது வந்து, இது என்ன ஊசி, எதற்கு, போட்டால் ஒரு நாள் காய்ச்சல் வரலாம் என்று அவள் மொழியில் சொன்னார்களா? சொல்ல வேண்டியவன் சொல்லாத இடத்தில்தான் வதந்தி குடிபுகும். ரூபெல்லா வந்த கர்ப்பிணியின் குழந்தை குருடாகவோ செவிடாகவோ இதயக் கோளாறோடோ பிறக்கக்கூடும் என்று அன்று விளக்கியிருந்தால் எத்தனை தாய்மார் தாமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்!

இரும்புச்சத்து மாத்திரையின் கதையும் இதுவே. வாரத்துக்கு ஒன்று பள்ளியில் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறம், பெரிய பிள்ளைகளுக்கு நீலம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 67 பேருக்கு. முந்தைய கணக்கெடுப்பைவிட இரண்டும் கூடியிருக்கிறது! ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? மாத்திரை தின்ற பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போகிறது, கொஞ்சம் குமட்டுகிறது, தாய் பயந்துபோய், கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டு வெளியே துப்பிவிடு என்று சொல்லி அனுப்புகிறாள். மலம் கறுப்பது சகஜம், சாப்பிட்டபின் தின்றால் குமட்டாது, மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது என்ற மூன்று வாக்கியங்களைச் சொல்ல அந்தத் தாயை ஒரே ஒரு முறை பள்ளிக்கு அழைத்திருந்தால் போதும். குடற்புழு மாத்திரைக்கும் இதுவே பொருந்தும்.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க உதவாது என்பது கணக்கு. அந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு மிஞ்சினால் எலும்பையே பிடிக்கும். பல் துலக்காத சோம்பேறி என்று பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வதை நாமே கேட்டிருக்கிறோம். எவ்வளவு துலக்கினாலும் போகாத கறை அது. டாக்டர் பல்லை மட்டுமே பார்க்கிறார். எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், சுத்திகரிப்பு நிலையம் எத்தனை நாளாகப் பழுது என்பது தாய்க்குத்தான் தெரியும். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் பல் சங்கதி தண்ணீர் சங்கதியாக மாறும். நகரசபைக்கு ஒரு மனுவாக மாறும். ஒருவேளை அதனால்தானோ என்னவோ இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க எவருக்கும் அவசரமில்லை.

நாம் ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர்கள். வண்டி ஓட்டுபவருக்குக் குறித்த காலத்தில் கண் பரிசோதனை கட்டாயம். பார்வை தேறாவிட்டால் அவரை எஞ்சினில் ஏற்றமாட்டார்கள். ஆனால் வீட்டுக்கும் அனுப்பிவிடமாட்டார்கள், மாற்று வேலை தருவார்கள். முடிவை அவர் கையில் எழுதித் தருவார்கள். அவர் கேள்வி கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், பின்னால் யூனியன் நிற்கும். பள்ளிப் பிள்ளைக்குப் பார்வை குறைந்தால்? கரும்பலகை தெரியாமல் தப்பாக எழுதுகிறது. மக்கு என்ற பட்டத்தோடு கடைசி பெஞ்சுக்குப் போகிறது. கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை இன்னும் தெரியாது! பார்வைக் குறைவுத் தடுப்புத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடி இலவசம். கண்ணாடி வாங்கி வந்தபிறகும், பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் கல்யாணம் நடக்குமா என்று அதைப் பெட்டியில் பூட்டிவைத்த தாயும் நம்மில் உண்டு. இதற்கு அரசாங்கத்தைத் திட்டிப் பயனில்லை.

மொழியைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நாம் கன்னட மண்ணில் வாழ்கிறோம், கன்னடம் கற்கிறோம், நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கன்னடம் பேசுகிறார்கள். கன்னடச் சீட்டு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. கூடவே தமிழிலும் நாலு வரி வேண்டும் என்கிறோம். இது பிச்சையல்ல. ஒரு மாவட்டத்திலோ தாலுகாவிலோ நகரத்திலோ 15 சதவீதத்துக்குக் குறையாமல் ஒரு சிறுபான்மை மொழியைப் பேசுவோர் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது 1956லும் 1961லும் மத்திய அரசும் மாநில முதலமைச்சர்களும் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு. அரசியல் சட்டத்தின் 350-பி பிரிவில் இதற்கென்றே ஓர் அதிகாரியையும் வைத்திருக்கிறார்கள். இராபர்ட்சன்பேட்டையில் தமிழ் பேசுவோர் 15 சதவீதம் இருக்கிறார்களா என்று சந்தேகப்படுகிறவர் ஒரு நாள் மார்க்கெட்டுக்கு வந்து காய் வாங்கிப் பார்க்கட்டும். பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு என்ற செய்தியைவிட முக்கிய அறிவிப்பு வேறு எது? இதே நியாயம் தெலுங்கும் உருதும் பேசும் தாய்மார்களுக்கும் உண்டு. அவர்களையும் சேர்த்தே கேட்கிறோம்.

இனி நம் பக்கம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. கர்நாடகத்தில் எஸ்.டி.எம்.சி. என்று அதற்குப் பெயர். நம் பகுதிப் பள்ளிகளில் அந்தக் குழு எப்படி இருக்கிறது? தலைவர் பதவிக்குக் கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பெயின்ட் அடிக்கும் காண்டிராக்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் தாய்மார்களின் கையெழுத்து வரிசையாக இருக்கிறது. கூட்டத்தில் தாய்மார்கள் இல்லை. தகப்பன்மார் சங்கதி இன்னும் மோசம். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் வீட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறவர்கள் நம் சங்க உறுப்பினரிலேயே இருக்கிறார்கள். மே தின ஊர்வலத்துக்கு லீவு போடுகிறோம், தலைவர் பிறந்தநாளுக்குப் போடுகிறோம். பள்ளிக்கு டாக்டர் வரும் நாளன்று எத்தனை பேர் லீவு போட்டோம்?

தினக்கூலிக்கு லீவு என்றால் அன்றைக்குச் சோறு இல்லை என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். பத்து நாளைக்கு முன் தெரிந்தால் தாய் முதலாளியம்மாவிடம் சொல்லிவைப்பாள். முடியாவிட்டால் பாட்டியை அனுப்புவாள். இன்றைக்கு நம் பிள்ளைகளை நிஜமாக வளர்ப்பவர்கள் பாட்டிமார்தான். பெற்றோர் கூட்டம் என்று எழுதாமல் பாட்டிக்கும் சேர்த்து அழைப்பு எழுதலாமே. சனிக்கிழமையில் ஒரு நேரத்தைப் பெற்றோருக்கென ஒதுக்கினாலும் நல்லது.

இன்னொன்றையும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் காதில் வாங்க வேண்டும். நம் தாய்மார் பள்ளிக்கு வராததற்கு வேலை மட்டும் காரணமல்ல. அவமானமும் ஒரு காரணம். பிள்ளையை எடைமேடையில் நிறுத்திவிட்டு, இவ்வளவு குறைச்சலா, வீட்டில் சோறு போடுவதில்லையா என்று நாலு பேர் எதிரில் கேட்டால் அந்தத் தாய் மறுமுறை வருவாளா? தலையில் பேன் என்று வகுப்பின் முன்னால் தள்ளி நிறுத்தப்பட்ட பிள்ளை டாக்டர் வரும் நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளாதா? எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று கேட்டபின் தொட்டுப் பார்க்கும் கை நம்மவருக்குப் பழக்கமான கை. திரை போட்ட ஒரு மூலை, தாழ்ந்த குரலில் ஒரு பேச்சு, இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. நல்லபடியாக நடத்துகிற கன்னட ஆசிரியைகளும் டாக்டர்களும் நிறையப் பேர் உண்டு. தாம் கற்ற கொச்சைத் தமிழில் நம் கிழவிகளிடம் பேசிச் சிரிக்கவைத்து மருந்து கொடுத்தவர்களை நாம் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதும் லேசான காரியம் அல்ல. சீட்டில் கோலார் என்று ஒரு சொல் எழுதுவார்கள். அங்கிருந்து பெங்களூர் என்பார்கள். எந்த வாசல், எந்தக் கவுண்டர், எந்தக் காகிதம்? கம்பெனி ஆஸ்பத்திரி இருந்த நாளில் சாம்பியன் ரீப்புக்கு நடந்தே போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2021இல் கோவிட் உக்கிரமாக இருந்தபோது, பூட்டிக்கிடந்த அந்த ஆஸ்பத்திரியைத் தொண்டர்கள் சேர்ந்து பெருக்கித் துடைத்துக் கட்டில் போட்டுத் திறந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். அன்று அது முடிந்தது என்றால், மாதத்துக்கு ஒரு நாள் நாலு பிள்ளைகளையும் நாலு தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்வர நம் வாலிபர்களால் முடியாதா?

ஆகவே நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். தாலுகா சுகாதார அதிகாரிக்கும் வட்டாரக் கல்வி அதிகாரிக்கும் மனு தயாராகிறது. டாக்டர் குழு எந்தப் பள்ளிக்கு எந்த நாள் வருகிறது என்ற அட்டவணை முன்கூட்டி வேண்டும். சீட்டில் தமிழ் வேண்டும். சீட்டு கொடுத்த பிள்ளைகளின் பட்டியலை எஸ்.டி.எம்.சி. கூட்டத்தில் வைத்து, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பிள்ளையின் நோயை ஊரறியப் படிக்காமல் பெற்றோரிடம் மட்டும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம். மனுவில் தாய்மார்களின் கையெழுத்தே முதலில் வரும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் பிள்ளையின் பையிலும் தேடிப் பாருங்கள். பள்ளி டாக்டர் கொடுத்த சீட்டு எது கிடைத்தாலும், எத்தனை பழையதானாலும், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த தோழர்கள் இருப்பார்கள். தாய்மார்களிடம் பேசத் தாய்மார்களே இருப்பார்கள். வர முடியாதவர்கள் மாலை வண்டியில் இறங்கும்போது நம் தோழர்களிடம் கொடுத்தாலும் சரி. மறுநாள் காலை வண்டிக்கு முன் படித்துச் சொல்லிவிடுவோம்.